கிரைண்டர் தீப்பொறியைப் படமெடுத்தல்: பொறியும் வேண்டும், ஆளும் தெரிய வேண்டும்

நிழற்கோடு:

அனைவருக்கும் வணக்கம். பட்டறையில் ஆங்கிள் கிரைண்டரால் இரும்பு அறுப்பவரைப் படமெடுக்க முயன்று வருகிறேன். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. பொறிகள் நீண்ட கோடுகளாக விழும்படி அமைத்தால், வேலை செய்பவர் கரிய உருவமாக நின்றுவிடுகிறார். அவர் முகமும் கையும் தெரியட்டும் என்று ஃபிளாஷ் போட்டால், பின்சுவரும் சேர்ந்து வெளுத்து, பொறிகள் வெறும் மஞ்சள் கீறல்களாகிவிடுகின்றன. அப்பர்ச்சரை (லென்ஸின் துளை அளவை) நான் வைக்க, ஷட்டரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில், இருட்டுக்கும் பொறிக்கும் இடையே கேமரா தடுமாறி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

என்னிடம் முழுச்சட்ட கேமரா ஒன்று, 24–70 மற்றும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸ்கள், ஒரு ஸ்பீட்லைட் (கையடக்க ஃபிளாஷ்), அதைத் தொலைவிலிருந்து இயக்கும் ரேடியோ டிரிகர், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான ஒரு சாஃப்ட்பாக்ஸ், முக்காலி ஆகியவை இருக்கின்றன. எந்த எண்ணை முதலில் தீர்மானிப்பது, எதை அதற்குப் பிறகு மாற்றுவது என்ற வரிசைதான் எனக்குப் பிடிபடவில்லை. இதில் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

இருட்டறை:

நண்பரே, நீங்கள் ஒரே படம் என்று நினைப்பதில் உண்மையில் மூன்று எக்ஸ்போஷர்கள் (ஒளிப்பதிவு அளவுகள்) இருக்கின்றன: பொறி, ஃபிளாஷ் ஒளியில் தெரியும் ஆள், அறையின் பொது வெளிச்சம். மூன்றையும் ஒரே மீட்டரால் அளக்க முயல்வதால்தான் சிக்கல் வருகிறது. எல்லா எண்களையும் நீங்களே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறிவிடுங்கள். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு எண்ணைக் கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துவிடுங்கள்.

பொறி நகரும் ஒளிப்புள்ளி. அது சென்சாரின் ஒரு புள்ளியைக் கடந்து செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் மிகமிகக் குறைவு. நீங்கள் ஷட்டரை 1/60 நொடி திறந்து வைத்தாலும் ஒரு முழு நொடி திறந்து வைத்தாலும் அந்தப் புள்ளியில் விழும் ஒளி அதே அளவுதான். ஆகவே ஒரு பொறிக்கோட்டின் பிரகாசத்தை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே தீர்மானிக்கின்றன. கோடு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், படத்தில் எத்தனை கோடுகள் சேர வேண்டும் என்பவற்றையே ஷட்டர் தீர்மானிக்கிறது. வாணவேடிக்கையைப் படமெடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

கணக்கிட்டும் பார்க்கலாம். 115 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 66 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பொறி அதைவிட வேகமாகப் புறப்படாது. புறப்பட்டதும் காற்றின் தடையால் விரைவாக வேகமிழக்கும். எனவே 1/250 நொடியில் ஒரு கோடு அதிகபட்சம் 26 சென்டிமீட்டர் நீளும். 1/1000 நொடியில் ஆறேழு சென்டிமீட்டர்த் துண்டுகளாக நிற்கும். 1/60 நொடியைவிட நீண்ட நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலான பொறிகள் பிறந்து அணையும்வரையிலான முழுப் பாதையும் பதிவாகும். 150 மில்லிமீட்டர்க் கல் பூட்டிய பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,850 சுற்றுதான் ஓடும் என்பதால், அங்கே விளிம்பு வேகம் நொடிக்கு 22 மீட்டர் அளவே. அதே நீளக் கோட்டுக்கு ஷட்டரை ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டும்.

இனி வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 (எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்), 1/30 நொடி என்று தொடங்குங்கள். கோடுகள் ஆரஞ்சு நிறம் மாறாமல், நடுவில் மட்டும் சற்றே மஞ்சளாகத் தெரியும்வரை அப்பர்ச்சரைத் திருத்துங்கள். அது அமைந்த பிறகு அதைத் தொடாதீர்கள். அடுத்து, எவ்வளவு பொறி வேண்டும் என்பதற்கேற்ப ஷட்டரை மாற்றுங்கள். அந்த அமைப்பில் பொறி இல்லாமல் ஒரு படம் எடுத்து, அறை முழு இருட்டாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விளக்குகளை அணையுங்கள், சன்னலை மறையுங்கள். ஃபிளாஷ் கடைசியாகத்தான் வர வேண்டும். அதை மேனுவலில் வைத்து, ஆளுக்கு வேண்டிய வெளிச்சத்தை ஃபிளாஷின் திறனால் மட்டும் சரிசெய்யுங்கள். ஷட்டர் ஒத்திசைவு வேகத்துக்குள் (ஃபிளாஷ் ஒளி சட்டம் முழுவதும் விழும் உச்ச வேகத்துக்குள்), அதாவது பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடிக்குள், இருக்கும்வரை ஷட்டரை எப்படி மாற்றினாலும் ஃபிளாஷின் வெளிச்சம் மாறாது. உங்கள் விடுதலை அங்கேதான் இருக்கிறது.

பட்டறைக்காரன்:

கேமரா எண்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் பொறியைப் படமெடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ஏனென்றால் படத்தின் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

கல்லிலிருந்து தெறிப்பது சூடேறிய இரும்புத் துகள். அது காற்றில் பறக்கும்போதே எரிகிறது. அதனால்தான் கல்லை விட்டு வெளிவரும் இடத்தில் மங்கலாக இருந்து, போகும் வழியில் பிரகாசமாகிறது. இரும்பில் உள்ள கார்பன் எரிந்து வாயுவாகி, துகளை வெடிக்கச் செய்யும்போதுதான் கோட்டின் நுனியில் பூப்போல் கிளை பிரிகிறது. கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல் நீளமான நேர்க்கோடுகளைத் தரும், பூ குறைவாக இருக்கும். கார்பன் மிகுந்த பழைய அரத்தைப் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்தால் கல்லுக்கு அருகிலேயே அடர்த்தியாகப் பூக்கும். வார்ப்பிரும்பு குட்டையான, சிவந்த பொறிகளையே தரும். எஸ்.எஸ். என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகில் பூ மிகக் குறைவு. டைட்டானியம் கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் தெறிக்கும்; ஆனால் அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் படத்துக்காக அதைத் தேடிப் போகாதீர்கள். அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவை பொறியே தராது. பொறியைப் பார்த்து உலோகத்தை இனங்காணும் இந்த முறையை 1909ஆம் ஆண்டிலேயே புடாபெஸ்ட் பொறியாளர் மாக்ஸ் பெர்மன் ஒழுங்குபடுத்தினார். பட்டறையில் பழகிய கண்ணுக்கு அது இன்றும் முதல் சோதனை.

டிஸ்க்கும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் குறுகலான ஒற்றைத் தாரையைத் தரும். ஆறு மில்லிமீட்டர் கிரைண்டிங் டிஸ்க்கைத் தகட்டின்மேல் சாய்த்துப் பிடித்தால் விசிறிபோல் விரியும். விசிறி வேண்டும் என்பதற்காகக் கட்டிங் டிஸ்க்கைப் பக்கவாட்டில் தேய்க்கச் சொல்லும் படக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தேய்த்தால் டிஸ்க் உடையும், உடைந்த துண்டு நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் பறக்கும். டிஸ்க்கில் 80 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச விளிம்பு வேகம். நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். படத்தில் மறைக்கிறது என்று காப்பு மூடியைக் கழற்றச் சொல்லவே கூடாது.

பொறி டிஸ்க்கின் தளத்திலேயே, தொடுகோட்டுத் திசையில் போகும். உடைந்த துண்டும் அதே தளத்தில்தான் போகும். ஆகவே டிஸ்க்கின் வட்ட முகம் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். கோடுகள் அங்கிருந்துதான் முழு நீளத்தில் தெரியும், உயிருக்கும் அதுவே நல்லது.

முழுத்துளை:

இருட்டறை ஐயா சொன்னதை ஒரு வரையறையோடுதான் ஏற்க முடியும். ஷட்டர் பொறியின் பிரகாசத்தை மாற்றாது என்றால், அதே எஃப்/8இல் 1/60 நொடியில் நன்றாக இருந்த படம் ஒரு நொடியில் ஏன் டிஸ்க்கின் அருகே வெள்ளைத் திட்டாக வெந்துபோகிறது? நான் எடுக்கும் எல்லாப் படங்களிலும் இதைப் பார்க்கிறேன். இதற்கு நான் கையாளும் வழி, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடியான என்டி வடிகட்டி. அதைப் போட்டுவிட்டால் நீண்ட ஷட்டரிலும் அந்த வேர்ப்பகுதி அடங்குகிறது. கூடவே எஃப்/2.8 போன்ற திறந்த துளையில் பின்னணியை மங்கலாக்கவும் முடிகிறது.

இருட்டறை:

முழுத்துளை சுட்டிக்காட்டியது சரியான இடம். நான் சொன்னது ஒரு தனிக் கோட்டைப் பற்றி. டிஸ்க்கும் இரும்பும் தொடும் இடத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒளி கூடிக்கொண்டே போகிறது. அங்கே ஷட்டர் நேரம் இரட்டித்தால் ஒளியும் இரட்டிக்கும். தாரையின் நுனிப்பகுதியில் கோடுகள் பிரிந்து கிடப்பதால் அங்கே கூடுவது எண்ணிக்கைதான். பிரகாசம் அப்படியே நிற்கும். ஒரே தாரையின் வேரும் நுனியும் ஷட்டருக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

என்டி வடிகட்டியைப் பற்றி மட்டும் உடன்பட முடியவில்லை. அது வேரோடு சேர்த்து நுனியையும் மங்கச் செய்யும்; துளையைச் சுருக்கினாலும் ஐஎஸ்ஓவைக் குறைத்தாலும் பொறியின் பிரகாசத்தைப் பொறுத்தவரை விளைவு அதுவேதான். திறந்த துளையின் மங்கலான பின்னணி உங்களுக்குத் தேவை என்றால் என்டி பொருத்தமான கருவி; வேர் வெந்துபோவதைத் தடுக்க என்றால் ஷட்டரைக் குறைப்பதே நேரான வழி. அதோடு, திறந்த துளையில் குவிதளத்துக்கு முன்னும் பின்னும் பறக்கும் பொறிகள் கோடாக இல்லாமல் தடித்த பட்டைகளாகவே பதியும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பொறி கூர்மையாகத்தான் வேண்டும் என்பதால் எஃப்/8க்கும் எஃப்/11க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறேன்.

வேர்ப்பகுதி முழுவதும் வெந்துபோகாமல் காப்பாற்ற நினைப்பதும் வீண் வேலை. அந்த ஓரிரு சென்டிமீட்டர் வெள்ளையாக இருந்தால்தான் அது நெருப்பு. பார்க்க வேண்டியது தாரையின் நடுப்பகுதியை. ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மூன்று நிறங்களாகப் பிரித்துப் பாருங்கள். பொறியில் சிவப்பு முதலில் உச்சம் தொடும். அடுத்து பச்சையும் தொட்டுவிட்டால் ஆரஞ்சு மஞ்சளாகத் தெரியும். நீலமும் தொட்டால் வெள்ளை. உங்கள் படங்களில் பொறி மஞ்சளாக வருவதற்கு ஃபிளாஷ் மட்டும் காரணமாக இருக்காது, மிகையான எக்ஸ்போஷரும் காரணமாக இருக்கலாம். சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுத்தால் பின்னர் சிறிது மீட்கலாம், ஆனால் மூன்று நிறங்களும் உச்சம் தொட்ட இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கைப்பேசிக்கண்:

கைப்பேசியில் இதெல்லாம் சாத்தியமா? அதில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாதே.

முழுத்துளை:

சாத்தியமே. புரோ முறையில் ஐஎஸ்ஓவைக் கைப்பேசி அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணில் நிறுத்தி, ஷட்டரை 1/30 நொடியில் வைத்து, கைப்பேசியை ஏதேனும் ஒன்றில் பொருத்திவிடுங்கள். துளை எப்போதும் அகலமாகத் திறந்தே இருப்பதால் பொறி வெந்துபோகும். அதற்குக் கைப்பேசியில் மாட்டும் என்டி வடிகட்டியே மருந்து. மேலே நடந்த வழக்கில் எனக்குப் பாதித் தீர்ப்பாவது சாதகமாகிறது. இரவு முறையைத் தொடாதீர்கள். அது பல சட்டங்களைச் சராசரியாக்கிப் பொறிகளைக் கரைத்துவிடும்.

நிழற்கோடு:

இருட்டறை ஐயா சொன்ன வரிசையில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துப் பார்த்தேன். பொறி இப்போது நான் விரும்பியபடியே வருகிறது. இனி ஃபிளாஷ். சாஃப்ட்பாக்ஸைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆள் நன்றாகத் தெரிகிறார், ஆனால் சுவரும் தெரிகிறது, காற்றில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பதிகிறது. ஃபிளாஷ் ஒளி வெள்ளையாகவும் பொறி ஆரஞ்சாகவும் இருப்பதால் இரண்டு படங்களை ஒட்டியதுபோலவும் தோன்றுகிறது. இதற்கு என்ன செய்வது?

ஒளிப்பின்னல்:

மூன்று கேள்விகளுக்கும் ஃபிளாஷை இடம் மாற்றுவதே பெரும்பாலான விடை. பொறி தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் பொருள். அதன்மேல் எந்த வெளிச்சமும் தேவையில்லை, அதன் பின்னால் இருட்டு மட்டுமே தேவை. சென்சாரில் ஒளி கூட்டல் கணக்காகத்தான் சேரும்; வெளுத்த சுவரின்மேல் பொறி விழுந்தால் கூடுவதற்கு இடமே இருக்காது.

ஃபிளாஷை ஆளுக்கு அருகில் கொண்டு போங்கள், சுவரைத் தொலைவில் தள்ளுங்கள். வழிகாட்டி எண் (மீட்டரில் தொலைவையும் எஃப் எண்ணையும் பெருக்கினால் வருவது) 40 உள்ள ஸ்பீட்லைட் முழுத் திறனில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8க்கு ஐந்து மீட்டர் தொலைவை ஒளியூட்டும். அதையே ஆளிடமிருந்து 1.25 மீட்டரில் வைத்தால் 1/16 திறன் போதும். சுவர் ஃபிளாஷிலிருந்து ஐந்து மீட்டரில் இருந்தால், அதன்மேல் விழும் ஒளி ஆளின்மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நான்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). சாம்பல் நிறச் சுவர் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். அறை சிறியது என்றால் ஃபிளாஷின் முகத்தில் தேன்கூடு போன்ற கிரிட்டை மாட்டி, சுவரின் பக்கம் ஒளி சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த திறனில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ஸ்பீட்லைட் முழுத் திறனில் ஏறத்தாழ 1/1000 நொடி ஒளிரும். திறன் குறையக் குறைய அந்த நேரமும் சுருங்கும் என்பதால், அதிரும் கைகூட உறைந்து நிற்கும்.

திசையைப் பொறுத்தவரை, முன்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் கேமராவுக்கு அருகில் மிதக்கும் தூசியைத்தான் முதலில் காட்டும். பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், ஆளுக்குச் சற்றே பின்னால், தோளுக்கு மேலான உயரத்தில் வைத்துப் பாருங்கள். தோள், முகக்கவசத்தின் விளிம்பு, முன்கை, கிரைண்டரின் உடல் ஆகியவற்றில் ஒரு ஒளிக்கோடு விழுந்து, இருட்டிலிருந்து ஆள் பிரிந்து தெரிவார். புகை இருந்தால் பின்னொளியில் அது அழகாகவே வரும், ஆனால் அளவு மீறினால் பொறியை விழுங்கும். கதவைத் திறந்து சிறிது நேரம் காத்திருப்பதே நல்லது. முகத்தின் முன்பக்கத்துக்குத் தனி விளக்கு தேவைப்படாது. பொறியே கீழிருந்து ஆரஞ்சு ஒளியைக் கொடுக்கிறது, அதற்கு நிகரான விளக்கை நாம் கொண்டு வர முடியாது.

நிறம் ஒட்டாததற்குக் காரணம், ஃபிளாஷ் 5500 கெல்வின் நிறவெப்ப அளவில் பகல் வெள்ளையாக இருப்பதும், பொறி அதைவிட மிகவும் செம்மை கலந்திருப்பதும்தான். ஃபிளாஷின்மேல் முழு ஆரஞ்சு ஜெல் (ஒளிபுகும் வண்ணத் தாள்) ஒட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால், ஆளின் தோல் இயல்பாக இருக்கும், பொறி பொன்னிறத்துக்கு வரும், சன்னல்வழி கசியும் பகலொளி நீலமாகும். இந்த நீலமும் பொன்னும் சேர்ந்த சேர்க்கை பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பது என் சொந்தக் கருத்து. பாதி ஆரஞ்சு ஜெல்லும் 4000 கெல்வினும் இதமான நடுவழி. ஜெல் ஒளியைக் குடிக்கும் என்பதால் ஃபிளாஷின் திறனை அரை ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டறையின் குழல்விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். அதன் பச்சைச் சாயலை எந்த ஜெல்லோடும் ஒத்துப்போகச் செய்வது பெரும்பாடு.

பட்டறைக்காரன்:

சாஃப்ட்பாக்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதன் முன்துணி செயற்கை இழை. பொறி தெறிக்கும் எல்லைக்குள் அதை நிறுத்தினால் ஓட்டை ஓட்டையாக உருகும், தீயும் பிடிக்கலாம். உலோகப் பிரதிபலிப்பான் அல்லது ஒளிப்பின்னல் சொன்ன கிரிட் போதும், அதையும் பொறி போகாத பக்கத்தில் வையுங்கள். நீங்களும் பருத்தி உடை அணியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வியூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள்.

லென்ஸைக் காப்பதும் அவசியம். பொறி சுட்டுவிட்டு அணைந்துபோகும் புள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். உருகிய நிலையில் உள்ள அந்தத் துகள் கண்ணாடியில் பட்டால் பதிந்து ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் போகாது, சில நாளில் அங்கேயே துருவும் பிடிக்கும். கிரைண்டர் ஓட்டிய இடத்துக்கு அருகில் சன்னல் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். ஆகையால் 24–70ஐப் பையிலேயே வைத்துவிட்டு, தொலைவில் நின்று எடுக்க 70–200ஐ எடுங்கள். முன்னால் வெறும் பாதுகாப்பு வடிகட்டி ஒன்றை மாட்டுங்கள், அதற்குச் சேதம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். பொறி கேமராவை நோக்கி வரும் படம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பாலிகார்பனேட் தகட்டை நடுவில் நிறுத்தி, கேமராவை முக்காலியில் விட்டுவிட்டு, டிரிகரோடு பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.

இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டும் என்பதை மறக்க வேண்டாம். இன்றைய லென்ஸ் மோட்டார்களிலும் சென்சார் நிலைநிறுத்தியிலும் காந்தங்கள் இருக்கின்றன. பட்டறைக்குள் லென்ஸை மாற்றாதீர்கள்.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வகுத்த தரம், சூட்டு வேலை நடக்கும் இடத்திலிருந்து 11 மீட்டர் தொலைவுக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. படத்துக்காகப் பொறியை வழக்கத்தைவிட உயரமாகவும் தூரமாகவும் பறக்க விடும்போது அந்த எல்லையைக் குறைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. அலுமினியம் தேய்த்த இடத்தில் இரும்பைத் தேய்க்க வேண்டாம்; அலுமினியத் தூளும் துருவும் கலந்து கிடந்தால், ஒரு பொறி போதும், தெர்மைட் வினை தொடங்கிவிடும். நாகப்பூச்சுள்ள தகடும் வேண்டாம், அதன் புகை காய்ச்சலைத் தரும்.

முழுத்துளை:

தரையில் தண்ணீர் தெளித்தால் பொறியின் பிரதிபலிப்பு அருமையாக வருமே?

பட்டறைக்காரன்:

ஈரத்தரையில் மின்கருவியா? வேண்டவே வேண்டாம். கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகட்டை விரியுங்கள். பிரதிபலிப்பும் கிடைக்கும், தகட்டில் பட்டு எகிறும் பொறிகள் இரண்டாவது வளைவு வரைவதும் கிடைக்கும்.

நிழற்கோடு:

ஃபிளாஷைப் பின்பக்கத்துக்கு மாற்றி, கிரிட்டும் பாதி ஜெல்லும் போட்டு எடுத்தேன். சுவர் முழுவதும் மறைந்துவிட்டது, தூசிப் புள்ளிகளும் இல்லை. பக்கவாட்டில் நின்று 70–200இல் ஏறத்தாழ 100 மில்லிமீட்டரில் எடுத்ததால் தாரை சட்டத்தின் குறுக்கே முழு நீளத்தில் விழுகிறது. தரையில் தகடு விரித்ததும் நன்றாகவே பயன்பட்டது.

ஒரு குறை மட்டும் எஞ்சியிருக்கிறது. அடர்த்தியான தாரைக்காக ஷட்டரை அரை நொடி வரை நீட்டினால், கூர்மையாகத் தெரியும் கைக்கு அருகிலேயே ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு மங்கலான கை தெரிகிறது. கிரைண்டரின் விளிம்பும் இரட்டையாகிறது. ஃபிளாஷ் ஆளை உறைய வைக்கும் என்று அறிந்திருந்தேன். பிறகு இந்த நிழல் எங்கிருந்து வருகிறது?

இருட்டறை:

அது பொறியின் வேலை. அறை இருட்டாக இருந்தாலும், பொறித்தாரையே ஒரு தொடர்விளக்காகி, அருகிலுள்ள கையையும் முகக்கவசத்தையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒளியூட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிளாஷ் ஒரு கணத்தின் கையைப் பதிக்கிறது. பொறியொளி அரை நொடி அசைந்த கையைப் பதிக்கிறது. இரண்டாவதை ஷட்டர்தான் கட்டுப்படுத்தும். 1/15 நொடிக்கு வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். 1/30 நொடியில் நான் பார்த்த அளவில் தொல்லையே இல்லை. தாரை மெலிகிறதே என்று தோன்றினால் ஷட்டரை நீட்டாதீர்கள். கட்டிங் டிஸ்க்குக்குப் பதிலாக கிரைண்டிங் டிஸ்க்கைப் போட்டுத் தகட்டைத் தேய்க்கச் சொல்லுங்கள். பொறியின் அடர்த்தியைக் கேமராவில் தேடுவதைவிடக் கருவியில் தேடுவது எளிது.

வேலைத்துண்டு வைஸில் இறுகப் பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். துண்டு அதிர்ந்தால் கையும் அதிரும். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும் இரண்டாம் திரை ஒத்திசைவுக்கு மாற்றினால், கிரைண்டர் முன்னோக்கி நகரும்போது மங்கலான தடம் கருவிக்குப் பின்னால் விழும். ஷட்டர் திறந்ததும் ஃபிளாஷ் அடிக்கும் முதல் திரையில் அது கருவிக்கு முன்னால் விழுந்து, பார்ப்பதற்குப் பின்னோக்கி நகர்வதுபோல் இருக்கும். மின்னணு ஷட்டரைப் பயன்படுத்த வேண்டாம். பல கேமராக்களில் அதோடு ஃபிளாஷ் ஒத்துழைக்காது, சுழலும் டிஸ்க்கும் கோணலாகப் பதியும்.

குவியத்தை, கிரைண்டர் ஓடாதபோது டிஸ்க்கும் இரும்பும் தொடும் இடத்தில் தானியங்கியாகப் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பொறி பறக்கத் தொடங்கியபின் தானியங்கிக் குவியம் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அலையும்.

முழுத்துளை:

அரை நொடியின் அடர்த்தியும் வேண்டும், கூர்மையான கையும் வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. முக்காலியில் கேமராவை அசைக்காமல் 1/30 நொடியில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து, ஒன்றில் மட்டும் ஃபிளாஷ் போட்டு, மென்பொருளில் லைட்டன் முறையில் அடுக்கிவிடலாம். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பதால், கோடுகள் கூடும், ஆனால் வேர்ப்பகுதி கூட்டல் கணக்கில் வெந்துபோகாது.

ஒளிப்பின்னல்:

தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் அடுக்கிய படத்தில் தாரையின் வடிவம் இயல்பை இழக்கிறது என்று எனக்குப் படுகிறது. உண்மையான தாரையில் வேர் தகிக்கும், போகப்போக மெலியும். அடுக்கியதில் எங்கும் ஒரே தடிமனான கோடுகளாகி, வரைந்துவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. கையின் மேல் விழும் பொறியொளியும் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால், அடுக்கும்போது நீங்கள் தவிர்க்க நினைத்த அதே நிழல் கை திரும்ப வரும், அதை மாஸ்க் வைத்து நீக்க வேண்டியிருக்கும். விளம்பரப் படத்துக்கு அடுக்குங்கள். வேலை செய்பவரின் ஆவணப் படம் என்றால் ஒற்றைச் சட்டத்தோடு நின்றுவிடுவது நேர்மை.

முழுத்துளை:

ஆவணப் படத்துக்கு உங்கள் கருத்தை ஏற்கிறேன். வடிவத்தைப் பற்றியதை ஏற்கவில்லை. நான்கைந்து படங்களோடு நிறுத்தினால் அந்த வரைந்த தோற்றம் வருவதில்லை.

பட்டறைக்காரன்:

எத்தனை படம் அடுக்கினாலும் அத்தனை முறையும் ஒருவர் இரும்பைத் தேய்த்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் கையால் ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கிரைண்டர் ஓடும்போது கூப்பிடாதீர்கள். காதடைப்பானோடு வேலை செய்பவர் உங்கள் குரலைக் கேட்கத் திரும்பினால் டிஸ்க் இரும்பில் சிக்கிக் கருவி எகிறும். கேமராவைப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். படமெடுத்து முடித்ததும் விளக்குகளைப் போட்டுவிட்டு உடனே கிளம்பாமல், ஒரு மணி நேரமாவது யாரேனும் ஒருவர் அங்கே இருந்து, மூலைகளிலும் தகட்டின் அடியிலும் எதுவும் புகையவில்லை என்று பார்க்கட்டும்.

நிழற்கோடு:

சைகையை இன்றே பேசிவிடுகிறேன். இனி 1/30 நொடி, எஃப்/9, ஐஎஸ்ஓ 100, ஃபிளாஷ் 1/16இலிருந்து தொடங்கி, ஒற்றைச் சட்டத்திலேயே முயலப்போகிறேன். அரத்தின் பொறியைப் பெஞ்ச் கிரைண்டரில் எடுக்கும்போது ஷட்டரை 1/10 நொடிக்கு மாற்றிக்கொள்கிறேன்.